வைட்டமின் டி: அளவையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், சர்க்கரை நோயும் இதய நோயும் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைந்துபோவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். வைட்டமின் டி இதயத்தைக் காக்கும் என்றும், வெயிலில் நில்லுங்கள் என்றும் அதில் இருந்தது. முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை யூனிட், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. போன வருடம் இதே மாதிரி வேறு எங்கோ வந்த ஒன்றைப் படித்துவிட்டு என் அக்கா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 29 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது, இதுதான் என் வேலை. டாக்டர் இல்லை. ஆனால் வைட்டமின் டி பரிசோதனைக்கு எப்போதாவது ஒரு சீட்டு வந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன், காலை பத்து மணிக்குள் ஒரு டிரே நிறைய வந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு 64 வயது. சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நடையை விட்டதில்லை. விடியும் முன்பே எழுந்து முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குள் வந்துவிடுவாள். டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, நாற்காலியிலிருந்து அவள் எழுந்த விதம் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் உட்கார்ந்தபடியே விளிம்புக்கு நகர்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் தொடைமேல் ஊன்றினாள். ஒரு தடவை முன்னால் ஆடினாள், எழவில்லை. இரண்டாவது தடவையும் எழவில்லை. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்ததும் என்னைப் பார்த்து, "வயசாச்சுல்ல" என்றாள். படியேறும்போது கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினாள். பின்னல் போடக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள்.

சர்க்கரை நோயில் நரம்பு கெட்டுப்போனால் இப்படித்தான் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். நரம்புக் கோளாறு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும். மரத்துப்போகும், எரியும், ஊசி குத்தும். அக்காவுக்குப் பாதம் சரியாக இருந்தது. சக்தி போனதெல்லாம் இடுப்பு, தொடை, தோள் பக்கத்தில். வேறு ஒருவர், கொழுப்புக் குறைக்கும் மாத்திரைதான் சதையைத் தின்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவள் அதை நம்பி ஸ்டாட்டின் மாத்திரையை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். ஸ்டென்ட் வைத்தவள்! எனக்கு அது தெரியவந்தபோது நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவளுடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மற்ற பரிசோதனைகளோடு வைட்டமின் டி-யும் எழுதினார். 9.4 வந்தது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்பது கணக்கு. இது அதில் பாதிகூட இல்லை. "நான்தான் தினமும் வெளியில நடக்கறேனே, எனக்கு எப்படிடி குறையும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கான பதிலை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கு வெளிச்சம் மட்டும் போதாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் பி வகை என்று ஒன்று உண்டு, அது வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் சாய்வாக வரவேண்டியிருப்பதால் வழியிலேயே பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக விழுகிற நேரத்தில் வைட்டமின் டி பெரிதாக உண்டாகாது. ஜன்னல் கண்ணாடியும் அந்தக் கதிரை நிறுத்திவிடும். அக்கா நடந்தது முழுக்க விடியலில். பகலில் வெயில் படும் இடம் கண்ணாடி ஜன்னல் ஓரம். தினமும் நடந்தது அவள் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லதுதான், ஆனால் வைட்டமின் டி கணக்கில் அது சேரவில்லை.

அப்புறம், வயது ஏற ஏறத் தோலில் இதைச் செய்வதற்கான மூலப்பொருள் குறைகிறது. கருத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். உடல் பருமன் இருந்தால், உண்டான வைட்டமின் டி கொழுப்புக்குள் பரவிப்போய் ரத்தத்தில் குறைவாகவே நிற்கும். தோலில் உண்டானது அப்படியே வேலைக்கு வந்துவிடுவதும் இல்லை. முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம், அதற்குப் பிறகுதான் உடலுக்குப் பயன்படும். பல வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் சோர்ந்துபோனால் அந்தக் கடைசி மாற்றம் தடைப்படும். வயது, பருமன், சிறுநீரகம், வீட்டுக்குள் அடைந்துகிடப்பது, இந்த நான்கும் ஒன்றாகச் சேர்வது யாரிடம்? நாள்பட்ட சர்க்கரை நோயாளியிடமும் இதய நோயாளியிடமும்தான்.

இங்கே பரிசோதனைக் கூடத்து ஆளாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வைட்டமின் டி பரிசோதனை என்று கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. இது கல்லீரலைத் தாண்டி வந்து ரத்தத்தில் சேமிப்பாகச் சுற்றுவது. குறைபாட்டைக் கண்டுபிடிக்க இதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று 1,25-டைஹைட்ராக்ஸி. சிறுநீரகத்தைத் தாண்டி வந்த, வேலை செய்யும் வடிவம். சேமிப்பு அடிமட்டத்துக்குப் போனபோதும் உடல் பதறிப்போய் இதை மட்டும் தேவையான அளவுக்கு உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் உண்மையில் குறைபாடு உள்ளவருக்கும் இது சரியாக இருப்பதுபோல வரும், சில நேரம் அதிகமாகக்கூட வரும். பெயர் நீளமாக இருக்கிறதே, இதுதான் பெரிய டெஸ்ட் போல என்று நினைத்துக் கேட்டு வாங்கி, "எனக்கு எல்லாம் சரியா இருக்கு" என்று சந்தோஷமாகப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவுகோலிலும் குழப்பம் உண்டு. சில கூடங்கள் நானோகிராமில் தருகின்றன, சில நானோமோலில். 20 நானோகிராமும் லிட்டருக்கு 50 நானோமோலும் ஒன்றுதான். ஒரு ரிப்போர்ட்டில் 18, இன்னொரு ரிப்போர்ட்டில் 45 என்று வந்தால், ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது நானோமோலாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய அதே இடம்தான். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று, மொத்தம் 8 வாரம் என்று எழுதினார். அதற்கு அப்புறம் மாதம் ஒன்று, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும் என்றார். இது கொழுப்பில் கரையும் வைட்டமின், அதனால் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஸ்டாட்டினைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். அவள் முகம் சுளித்தாள். சதை வலிக்கு எது காரணம் என்று இரண்டையும் பார்த்துக்கொண்டே கண்டுபிடிப்போம், இதயத்துக்கான மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

மூன்றாவது மாதம் நான் மறுபடி போனபோது கதவு மணி அடித்தது. நாற்காலியில் இருந்தவள் கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். திறந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது போல. திரும்பி வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். "பாரு, பாரு" என்று சிறுபிள்ளை மாதிரி நான்கு தடவை செய்து காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால், வைட்டமின் டி எல்லாம் வெறும் வியாபாரம் என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்களோடு என்னால் சேர முடியாது. 9.4 என்ற குறைபாடு ஒருத்தியின் எழுந்து நிற்கும் சக்தியையே எடுத்துவிட்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தச் சக்தி திரும்பி வந்தது.

ஆனால் அந்த சந்தோஷம்தான் அடுத்த கெடுதலுக்கும் வழி செய்தது. கால் சரியானதும், இந்த மாத்திரை இன்னும் என்னென்ன செய்யும் என்று தேட ஆரம்பித்தாள். வைட்டமின் டி குறைந்தால் மாரடைப்பு வரும், சர்க்கரை ஏறும், நிறைய எடுத்தால் ரத்தக் குழாய் அடைப்பு வராது என்று ஒரு கட்டுரை அவள் கைக்கு வந்தது. வாரம் ஒன்று எடுத்ததற்கே இவ்வளவு பலன் என்றால் தினம் ஒன்று எடுத்தால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று அவளாகக் கணக்குப் போட்டாள். மாத்திரை வாங்குவதில் அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. பழைய சீட்டைக் காட்டினாள், கொடுத்தார்கள். ஏழு வாரம், தினம் ஒன்று. கூடவே எலும்புக்கு என்று கால்சியம் மாத்திரையும்.

ஒரு வளர்ந்த மனிதருக்கு 70 வயது வரை ஒரு நாளைக்கு 600 யூனிட், அதற்கு மேல் 800 யூனிட் போதும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தினமும் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. அக்கா தினமும் எடுத்தது அந்த 600-ஐப் போல நூறு மடங்கு.

ஐந்தாவது வாரத்தில் தாகம் தொடங்கியது. ராத்திரி நான்கு ஐந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தாள். களைப்பு, வாயில் ருசி இல்லை, மலச்சிக்கல், பிறகு குமட்டல். சர்க்கரை நோயாளி வீட்டில் தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால் வேறு எதை நினைப்போம்? குளுக்கோமீட்டரை எடுத்தோம். 132 காட்டியது. மறுநாள் 118. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று புது ஸ்ட்ரிப் டப்பா வாங்கிப் பார்த்தோம். 126. தாகம் மட்டும் குறையவே இல்லை. சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த இரண்டு வாரமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இருந்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் அவளிடம் என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பதில் சொல்லத் தடுமாறினாள். அப்போதுதான் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தேன். காலி அட்டைகளை அவள் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். கை நடுங்கியது. 29 வருடம் மற்றவர்களுடைய ரிப்போர்ட்டில் சிவப்பில் வரும் எண்களைக் கவனித்தவள், என் சொந்த அக்கா என்ன விழுங்குகிறாள் என்று ஏழு வாரமாகக் கேட்கவில்லை.

அன்று இரவே ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் 13.3. சாதாரணமாக 8.5-இலிருந்து 10.5-க்குள் இருக்க வேண்டியது. வைட்டமின் டி-க்கு எண்ணே வரவில்லை, மெஷினின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று மட்டும் வந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், 0.9 ஆக இருந்தது, 1.8 ஆகியிருந்தது. வைட்டமின் டி மிதமிஞ்சினால் குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை ரத்தத்தில் கொண்டுவந்து கொட்டும். அந்தக் கால்சியம் சிறுநீரகத்தைத் தாக்கி, நீரைத் தேக்கும் சக்தியைக் கெடுக்கும். அதனால்தான் அந்தத் தாகமும் சிறுநீரும். அச்சு அசலாகச் சர்க்கரை ஏறியது போலவே இருக்கும். இதைப் படிக்கும் வீடுகளில் யாருக்காவது மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தும் தாகம் அடங்கவில்லை என்றால், என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று தயவுசெய்து அன்றைக்கே பாருங்கள்.

இதய நோயாளி என்பதால் இன்னும் இரண்டு சிக்கல் சேர்ந்தது. கால்சியத்தை இறக்க நிறைய சலைன் ஏற்ற வேண்டும். ஆனால் பலவீனமான இதயம் உள்ளவருக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சொட்டுச் சொட்டாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள். இன்னொன்று, அவள் ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையில் தயசைட் வகை நீர் பிரிக்கும் மருந்து இருந்தது. அது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். அதையும் நிறுத்தினார்கள். டிகாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இதைவிட அதிகம். கால்சியம் ஏறினால் அந்த மருந்து விஷமாகி இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும். நல்லவேளை, அக்காவுக்கு அது இல்லை.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். கொழுப்பில் தங்கியது மெதுவாகத்தான் கரையும் என்பதால் கால்சியம் முழுக்க அடங்க மூன்று மாதம் ஆனது. கிரியேட்டினின் 1.2-இல் நின்றுவிட்டது. பழைய 0.9 திரும்பி வரவில்லை.

இப்போது அந்த இதயப் பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையிலும் அது இருந்ததே. அந்த எண்ணம் எங்கிருந்தோ முளைத்தது இல்லை, அதற்கு நியாயமான ஆரம்பம் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், வைட்டமின் டி 15-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய்கள் அதிகம் வந்தன. மறு வருடம் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொன்றைக் கண்டார்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள், வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரை போல உப்பின. இப்படி உப்பிய செல்கள்தான் ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து அடைப்புக்கு அடித்தளம் போடுபவை. வைட்டமின் டி-யின் வேலை செய்யும் வடிவத்தைச் சேர்த்ததும் அவை கொழுப்பை எடுப்பது குறைந்தது. படித்தால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும். எனக்கும் அன்றைக்குப் பிறந்தது.

ஆனால் அது கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது. உயிருள்ள மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நியூசிலாந்தில் 5,110 பேரை வைத்து நடந்த விடா ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. மாதம் 1,00,000 யூனிட் கொடுத்தும் இதய நோய் குறையவில்லை. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தொடக்கத்திலேயே குறைபாடு இருந்தது, அவர்களுக்கும் பலன் தெரியவில்லை. அமெரிக்காவில் வைட்டல் ஆய்வில் 25,871 பேர். தினமும் 2,000 யூனிட், சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல். மாரடைப்பும் பக்கவாதமும் அதை எடுத்த குழுவிலும் எடுக்காத குழுவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முதலிலேயே வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அக்கா மாதிரி 9-இல் கிடப்பவர்களைப் பற்றிய கடைசிச் சொல்லாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் போதுமான அளவு இருப்பவர் மேலே மேலே விழுங்கினால் இதயம் காக்கப்படும் என்பது அதோடு அடிபட்டுப்போனது. ஸ்டாட்டின் சாப்பிடுவதால் வரும் சதை வலியை வைட்டமின் டி தடுக்குமா என்றும் அதே ஆய்வுக்காரர்கள் பார்த்தார்கள். வைட்டமின் டி எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் 31 சதவீதம் பேருக்கு வலி வந்தது.

சர்க்கரை விஷயம் கொஞ்சம் வேறு. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 2,423 பேருக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்த டி2டி ஆய்வு 2019-இல் முடிந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 293 பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல அந்த வித்தியாசம் போதவில்லை. பிறகு இப்படிப்பட்ட மூன்று ஆய்வுகளை ஒன்றாக்கி 2023-இல் பார்த்தபோது, வாசலில் நிற்பவர்கள் உள்ளே போவது சுமார் 15 சதவீதம் குறைந்தது தெரிந்தது. அதனால்தான் 2024-இல் எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், சர்க்கரை நோய் வரும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கும் 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் வைட்டமின் டி தரலாம் என்கிறது. அதிலும் அவர்கள் சொல்வது தினசரிச் சிறு அளவைத்தான். ஆரோக்கியமாக இருக்கும் எல்லோரும் சும்மா ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. அக்காவைப் போலச் சர்க்கரை நோய் வந்து 18 வருடம் ஆனவர், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைக்குப் பதிலாக இதை எடுக்கலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுப்பதன் கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5,00,000 யூனிட் கொடுத்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று நினைத்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அந்தக் குழுவில்தான் அதிகமாக இருந்தது.

இன்னும் ஒன்று. "வெயிலில் நில்லுங்கள்" என்று கட்டுரை முடிந்திருந்தது. உணர்ச்சி மரத்துப்போன பாதம் உள்ள சர்க்கரை நோயாளி உச்சி வெயிலில் சூடான தரையில் வெறுங்காலோடு நின்றால் தோல் வெந்து கொப்பளிப்பதே அவருக்குத் தெரியாது. அந்தக் கொப்புளம் ஆறாமல் போனால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். நீர் பிரிக்கும் மருந்து எடுக்கும் இதய நோயாளிக்கு வெயிலில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். செருப்போடு, கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் வெயில் படும்படி, கொஞ்ச நேரம், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு என்று எழுதியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இனி வைட்டமின் டி பற்றி எப்போது எழுதினாலும் அதே பக்கத்தில் சின்னக் கட்டம் ஒன்று போடுங்கள். எந்தப் பரிசோதனை, எந்த அளவுகோல். 60,000 யூனிட் என்பது வாரத்துக்கு ஒன்று என்ற சொல், எண்ணாக இல்லாமல் எழுத்தில். எட்டு வாரம் முடிந்ததும் தானாகத் தொடராமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பது. சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு, தயசைட், டிகாக்ஸின் உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே எடுக்கும் மருந்தை இதற்காக நிறுத்தக் கூடாது என்பது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இதைப் படிப்பவர்களில் பலருக்குச் சர்க்கரையால் கண்ணும் மங்கியிருக்கும்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். போன மாதம் வைட்டமின் டி 34, கால்சியம் 9.6. தினமும் சின்ன அளவு மாத்திரை ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஸ்டாட்டினும் தொடர்கிறது, தொடை வலி திரும்பி வரவில்லை. மாத்திரைப் பெட்டி மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அன்றன்று போட்டதை அவள் பேனாவால் டிக் அடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். கிரியேட்டினினுக்கு அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். நானே போய் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்